எத்தனை சதவீதம்?

“எத்தனை பர்சன்ட் இருக்குமுங்க?”

மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பனியன் கம்பெனியில் போய் உட்கார்ந்தால், டீ வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஊனச் சான்றிதழில் போட்டிருக்கும் சதவீதத்தைக் கேட்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஐம்பது என்றால் பாதி வேலை நடக்கும், எண்பது என்றால் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

என் அட்டையில் 60 என்று இருக்கிறது. ஒன்றரை வயதில் வந்த போலியோ. இடது கால் கேலிப்பர் என்ற தாங்கு கருவி போட்டால்தான் நிற்கும். அந்த அறுபது, மருத்துவர் என் காலையும் இடுப்பையும் பார்த்து எழுதியது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினொரு வருடம் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தேன். நானூறு பேருக்கு வாரச் சம்பளம் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் யார் கவரிலும் பத்து ரூபாய் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அந்த வேலையில் என் ஊனம் எத்தனை சதவீதம்? ஷிப்டுக் கணக்குப் போடும்போது பூஜ்யம். கணக்கை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி ஓனரிடம் கையெழுத்து வாங்கும்போது நூறு. ஒரே நாளில், ஒரே ஆளுக்கு இரண்டும்.

ஒன்பது வருடமாகத் திருப்பூரில் ஒரு சின்ன அறக்கட்டளைக்காக, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கேட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறேன். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்: ஆளைப் பார்க்கும் முன்னால் வேலையைப் பார்க்க வேண்டும். சதவீதம் ஆளைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் சொல்லும். வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

சதவீதத்துக்கு அடுத்து வருவது இன்னொரு வாக்கியம். “கால் ஊனம்னா குடுங்க அம்மணி, உட்கார்ந்து செய்வாங்க. மத்ததெல்லாம் நமக்குச் சரி வராதுங்க.” இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய முதலாளிகள். அவர்களுக்குத் தெரிந்த மாற்றுத்திறனாளி என்றால் என்னைப் போன்ற போலியோ ஆள்தான். கூடப் படித்திருப்பார்கள், பக்கத்து வீட்டில் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் கிடைத்துவிட்டது. என் வயதுக்காரர்கள்தான் ஏறக்குறைய கடைசி வரிசை. இன்றைக்கு இருபது வயதில் வேலை தேடி எங்களிடம் வருகிறவர்கள் வேறு ஆட்கள். காது கேளாதவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஓனர்கள் மனதில் இருக்கும் பட்டியல் மட்டும் அந்தப் பழைய ஏழோடுகூட இல்லை, ஒன்றோடு நின்றுவிட்டது.

அதனால் இப்போதெல்லாம் ஆளின் பயோடேட்டாவை முதலில் நான் எடுப்பதே இல்லை. “ஒரு நாள் உங்கள் பேக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்துகொள்ளட்டுமா?” என்று கேட்கிறேன். ஏன் என்று கொஞ்சம் யோசிப்பார்கள். சரி, உட்காருங்கள் என்பார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், எந்தத் தெருவில் போனாலும் கேட்டில் ஒரு போர்டு தொங்கும். ‘டெய்லர், கைமடி, செக்கிங், பேக்கிங் ஆட்கள் தேவை.’ பேக்கிங் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் “எல்லாந்தானுங்க” என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் அந்த ‘எல்லாம்’ ஏழு வேலையாகப் பிரிகிறது. டேக் அடிப்பது, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது, அட்டை வைத்து மடிப்பது, பாலி பேக்கில் போடுவது, சைஸ் ரேஷியோ பார்த்துச் சேர்ப்பது, கார்ட்டனில் அடுக்குவது, கார்ட்டனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைப்பது. காலில் பலம் இல்லாத ஒருவரால் கடைசி ஒன்றுதான் முடியாது. எண்ண வராத ஒருவரால் ஐந்தாவது ஒன்றுதான் கஷ்டம். மீதி ஆறு? ஆனால் போர்டில் ‘பேக்கிங்’ என்று ஒரே வார்த்தையாக இருப்பதால், ஒன்று முடியாதவர் ஏழுக்கும் வேண்டாதவர் ஆகிவிடுகிறார்.

அந்த ஐந்தாவது வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனி. ஒரு பாலி பேக்கில் ஆறு பீஸ், ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. நான் கூட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது, அறிவுசார் குறைபாடு. மடிப்பு அத்தனை அழகு. எதையும் ஓரம் தள்ளாமல், கோடு போட்டது போல மடிப்பார். ஆனால் நான்குக்கு மேல் எண்ணினால் குழம்பிவிடும். முதல் நாள் மூன்று பேக்கில் மீடியம் மூன்று போய்விட்டது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன்.

வீட்டில் எப்படித் தட்டு எடுத்து வைக்கிறாள் என்று கேட்டேன். “எண்ணச் சொல்ல மாட்டேனுங்க அக்கா. ஆளுக்கொரு மணையைப் போட்டுருவேன். மணை இருக்கற இடத்துல தட்டு வைப்பா” என்றார் அந்த அம்மா. அதைத்தான் செய்தோம். ஒரு பழைய கார்ட்டன் அட்டையில் ஆறு கட்டம் போட்டு, ஒரு கட்டம் பச்சை, இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், ஒன்று சிவப்பு என்று கலர் பேப்பர் ஒட்டினோம். அந்தந்த சைஸ் அடுக்கின் மேலும் அதே கலர். கட்டம் நிறைந்தால் பேக் நிறைந்தது. எண்ணவே வேண்டாம். செலவு, ஃபெவிகாலும் கலர் பேப்பரும் சேர்த்து நூறு ரூபாய்க்குள். அடுத்த மாதம் நான் போனபோது பக்கத்து மேசையிலும் அதே அட்டையைச் செய்து வைத்திருந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, ராத்திரி ஷிப்டில் தூக்கக் கலக்கத்தில் அது சௌகரியமாக இருக்கிறது என்றார்கள்.

சரியான யோசனை அந்த அம்மாவிடம் இருந்தது. எனக்கோ கம்பெனிக்கோ தோன்றியிருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு மணை இருக்கிறது. இருபது வருடமாக அந்தப் பிள்ளையோடு வாழ்ந்து கண்டுபிடித்த வழி. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கம்பெனியில் சேர்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

வேலைக்குச் சேர்ப்பது உண்மையில் அரை நாள் விஷயம். ஆதார், வங்கிப் புத்தகம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை ஜெராக்ஸ், போட்டோ இரண்டு. நிலைக்க வைப்பதுதான் பாடு. ஆட்கள் நின்றுபோவது முதல் நாளில் இல்லை. மூன்றாவது வாரத்தில்தான்.

அவிநாசி பக்கத்தில் ஒரு கம்பெனிக்குக் காது கேளாத ஒரு பையனை அனுப்பினேன். ஓவர்லாக் மெஷினில் நல்ல கை. பத்து நாளில் லைனோடு ஓட ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒரு திங்கள்கிழமையோடு நின்றுவிட்டார். ஃபோன் செய்தால் சூப்பர்வைசர், “ஞாயித்துக்கிழமை அவசர ஷிப்மென்ட்டுங்க, எழுதியே காட்டினேன், வரலை. திங்கக்கிழமை ஒரு வார்த்தை சத்தம் போட்டேன், அப்படியே போயிட்டாப்ல. இவங்களுக்கு ரோஷம் ஜாஸ்திங்க” என்றார்.

வீட்டுக்குப் போனேன். அவர் தங்கைதான் எனக்காகச் சைகையில் பேசி இரண்டு பக்கமும் சொன்னாள். சூப்பர்வைசர் அட்டையில் எழுதிக் காட்டியது, ‘ஞாயிறு லீவு இல்லை. வரவும்.’ பையன் வாசித்தது, ஞாயிறு, லீவு. இந்த இரண்டு வார்த்தைதான் அவருக்குப் பழக்கம். ‘இல்லை’ என்பது எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று பிடிபடவில்லை. திங்கள்கிழமை வந்தால் ஒருவர் தன் முகத்துக்கு நேராக வாயை அசைத்துக் கையை வாசல் பக்கம் நீட்டுகிறார். வேலையை விட்டுப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மெஷின் மேல் கத்தரியை வைத்துவிட்டு வந்துவிட்டார். பத்து நாள் சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை.

காது கேளாதவர்களுக்கு எழுதிக் காட்டினால் போதும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அன்றுவரை அப்படித்தான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து கேட்காத ஒருவருக்குத் தமிழ் தாய்மொழியாக வந்து சேர்வதில்லை. நாம் காதால் வாங்கி வாங்கிப் பழகிய வேற்றுமை உருபும் காலமும் எதிர்மறையும் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பார்த்துப் படித்த விஷயங்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. நன்றாகத் தமிழ் எழுதும் காது கேளாதோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் அப்படி என்று எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

மறுநாள் அவரையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர். விஷயம் புரிந்ததும் சங்கடப்பட்டுப் போனார். பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மாதக் காலண்டர் மாட்டினோம். வேலை நாளுக்குப் பச்சைப் பொட்டு, லீவுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி, ஓவர்டைம் இருந்தால் கடிகாரப் படம் வரைந்து முள் எங்கே நிற்கும் என்று காட்டுவது. அவசரம் என்றால் வாட்ஸப்பில் அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்புவது. லைன் ஆட்கள் இருபது சைகை கற்றுக்கொண்டார்கள். நூல் அறுந்தது, ஊசி மாற்று, அளவு தப்பு, நன்றாக இருக்கிறது, நாளை, சம்பளம், சாப்பாடு, இப்படி. எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, டெய்லர் அக்காக்களுக்கு ஒடியா தெரியாது. அந்த லைனே பாதி நாள் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவில் இவர் போய் உட்கார்ந்ததும் இவர்தான் அந்த மொழியில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார்.

இன்னொன்றும் அன்று பேசி முடித்தோம். தீ விபத்துச் சைரன் அவருக்குக் கேட்காது. செக்‌ஷனில் சுற்றும் சிவப்பு விளக்கு ஒன்று போட்டார்கள். பாத்ரூமில் இருக்கும்போது என்ன செய்வது என்று நான் கேட்டேன், யாரும் யோசித்திருக்கவில்லை. அங்கேயும் ஒரு விளக்கு. அது தவிர, பக்கத்து மெஷின் ஆள் அவரைத் தேடிப்போய்த் தோளைத் தொட வேண்டும் என்று, இன்னார் என்று ஆளைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடக்கூடாத இடம் இது.

பாத்ரூம் என்றதும் சொல்லவேண்டியது வந்துவிட்டது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் வேலை பார்த்த முதல் கம்பெனியில் பெண்களுக்கு ஆறு கழிப்பறை இருந்தன. ஆறும் இந்திய முறை, இரண்டு படி ஏறிப் போக வேண்டும், தரை எப்போதும் ஈரம். கேலிப்பர் போட்டவர் உட்கார்ந்து எழ முடியாது. முட்டியில் பூட்டு இருக்கிறது, திறந்தால் கால் நிற்காது. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒன்றும் இல்லை. அதனால் காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை நான் போவதே இல்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றால் குடிக்காமல் இருக்க வேண்டும். காலை ஒரு காபியோடு சரி. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் சாப்பாட்டுக்கு இரண்டு வாய் தண்ணீர். இப்படி நான்கு வருடம். நீர்க்கடுப்பு வரும், மாத்திரை சாப்பிடுவேன், மறுபடி வரும். இருபத்தேழு வயதில் கல் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் படுத்தபோது டாக்டர், “தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?” என்று கேட்டார். அழுதுவிட்டேன். கம்பெனியில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை கொடுத்ததே பெரிய விஷயம், இதையும் போய்க் கேட்பதா என்று இருந்தது.

கேலிப்பர், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் வைத்திருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அதனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது சாய்தளத்தை அல்ல, கழிப்பறையைத்தான். பையில் ஒரு டேப் இருக்கும். கதவு 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, உள்ளே நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா, கைப்பிடி சுவரில் ஆடாமல் நிற்கிறதா, தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறதா. அப்புறம்தான் சாய்தளம். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு கம்பெனியில் சரக்கு வாங்கும் பையர் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று இரண்டு அடி உயர வாசலுக்கு ஐந்து அடியில் சிமெண்ட் போட்டுச் சரித்து வைத்திருந்தார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் தள்ள வேண்டும். இறக்கினால் ரோட்டில் போய்தான் நிற்கும். இருபத்து நான்கு அடி வேண்டும் என்றதும் அந்த ஓனர் தலையில் கை வைத்தார். பக்கவாட்டில் மடக்கி எடுத்தால் இடம் போதும் என்று அவர் கொத்தனார்தான் வழி சொன்னார்.

சட்டத்தைக் காட்டி நான் பேச்சைத் தொடங்குவதில்லை. பயத்தில் எடுத்த ஆளை எந்தக் கம்பெனியும் அக்கறையோடு வைத்துக்கொள்ளாது. ஆனால் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு அதில்தான் வருகிறது. தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது. பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி முதலாளிகளுக்கு ஊக்கம் தர வேண்டும் என்று அரசுக்குத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எந்தெந்த வேலை பொருந்தும், எப்படி ஆள் எடுப்பது, என்ன வசதி செய்து தருவது, யார் இதைக் கவனிக்கும் அலுவலர், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருபது பேர் என்றால் திருப்பூரில் ஒரு சின்ன பவர் டேபிள் தையல் யூனிட்டே அதில் வந்துவிடும். நான் போகும் இடங்களில் இதைக் கேள்விப்பட்டிருக்கும் ஓனர்கள் மிகக் கொஞ்சம். எழுத நானே கூட உட்கார்ந்து உதவுகிறேன், இரண்டு பக்கம்தான்.

சம்பளத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “வீட்ல சும்மா இருக்கறதுக்கு இது பரவாயில்லீங்களே” என்று சொல்லி, பாதி ஷிப்டு சம்பளம் பேசியவர்கள் இருக்கிறார்கள். எழுந்து வந்துவிடுவேன். வேலையைப் பிரித்துக் கொடுங்கள், பொருந்தும் வேலை கொடுங்கள், பீஸ் ரேட் என்றால் எல்லோருக்கும் உள்ள பீஸ் ரேட் கொடுங்கள், ஆனால் அதே வேலைக்குக் குறைத்த கூலி கூடாது. பிஎஃப், இஎஸ்ஐ சேர்ந்த நாளிலிருந்து வேண்டும். இஎஸ்ஐ சம்பள வரம்பு மற்றவர்களுக்கு மாதம் 21,000 என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 என்பது பல கணக்குப்பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. சம்பளம் கூடியதும் வரம்பு தாண்டிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். இதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பக்கமும் பேச வேண்டியது உண்டு. வேலைக்குப் போனால் மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயப்படுவார்கள். சேருவதற்கு முன்னாலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் காகிதத்தைக் காட்டியே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வோம். பாதியில் நிற்கிற பல பேருக்கு இந்தப் பயம்தான் காரணம். அப்புறம் ஏடிஎம் அட்டை. பல்லடம் ரோட்டுப் பெண்ணின் முதல் சம்பளம் முழுக்க அவர் அம்மாவிடம்தான் போனது, அந்த வீட்டு நிலைமைக்கு அதில் தப்பு சொல்ல முடியாது. இருநூறு ரூபாய் மட்டும் அவள் கையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பழைய பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து பேக்கிங் செக்‌ஷன் முழுக்கக் காட்டினாராம்.

எல்லாம் நன்றாக நடந்தது போல எழுதிக்கொண்டு போகிறேன், அப்படி இல்லை. ஒருவருடைய விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். பி.காம் படித்தவர், முப்பத்து நான்கு வயது, மனச்சிதைவு நோய்க்கு வருடக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தார். ஒரு நூல் கடையில் பில் என்ட்ரிக்குச் சேர்த்துவிட்டேன். நோயைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அது அவர் உரிமை, அதோடு விட்டுவிட்டேன். ராத்திரி மாத்திரை காலையில் ஒன்பது மணிவரை கண்ணைத் திறக்கவிடாது. கடை எட்டரைக்கு. வாரத்தில் மூன்று நாள் தாமதம். மேனேஜர் எல்லோர் முன்னாலும் சோம்பேறி என்றார். இவர் காலையில் எழுவதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒன்றரை மாதத்தில் பழையபடி ஆஸ்பத்திரி.

நோயின் பெயரைச் சொல்லாமலேயே, ‘இவருக்குக் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி ஏழுவரை நேரம் கொடுங்கள், மருத்துவக் காரணம்’ என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். பில் என்ட்ரிக்கு எட்டரை மணி அவசியமே இல்லை. எனக்கு அப்போது தோன்றவில்லை. நான்கு வருடம் ஆகிறது, இப்போதும் அவரைத் தெருவில் பார்த்தால் மனம் கனத்துப் போகிறது. இப்போது யாரைச் சேர்த்தாலும் ஒரு தாளில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். என்ன தேவை, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது. என்ன நோய் என்ற வரி அந்தத் தாளில் கிடையாது.

சேர்ந்த முதல் வாரம் தினமும் போவேன். அப்புறம் வாரம் ஒரு நாள், மூன்று மாதம் கழித்து மாதம் ஒருமுறை. சூப்பர்வைசர் மாறினால் மட்டும் மறுபடி முதல் வாரம் மாதிரிதான். பழைய சூப்பர்வைசரோடு அந்த இருபது சைகையும் காலண்டர்ப் பழக்கமும் போய்விடும். லைனில் ஒருவரைத் துணையாகப் பேசி வைப்பதும் இதற்குத்தான். அது யார் என்று நானோ ஓனரோ முடிவு செய்வதில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பேன். யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறாரோ அவரிடம் கேட்பேன்.

இப்போது பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை நடக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண், டிப்ளமோ படித்தவர், செக்கிங் வேலைக்கு வர ஆசைப்படுகிறார். ஆயில் கறை, ஓட்டை, தையல் விட்டது, எல்லாம் சட்டென்று கண்ணில் படுகிறது அவருக்கு. செக்கிங் டேபிள் நின்று பார்க்கும் உயரம். ஒரு டேபிளின் காலை அறுத்து இறக்க ஓனர் அன்றைக்கே சரி என்றுவிட்டார். கழிப்பறைக்குத்தான் ஐந்து வாரம் ஆனது. வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார், போய் அளந்தேன். ஓனரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கதவு 90 சரியாக இருந்தது. கைப்பிடி உறுதி. ஆனால் கதவு உள்பக்கம் திறக்கிறது. நாற்காலியோடு உள்ளே போய்விட்டால் கதவைச் சாத்த இடம் இருக்காது. ஓனர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு ஸ்குரூதானுங்களே, திருப்பி மாட்டச் சொல்றேன்” என்றார்.

திங்கள்கிழமை ஆசாரி வருகிறார். மாட்டியதும் அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்து ஒருமுறை உள்ளே போய்த் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் சேரும் தேதியை எழுதுவோம்.